வெளிச்செல்லும் அஞ்சலுக்குப் போர்ட் 25 ஏன் அடைக்கப்படுகிறது, அடைத்த பின் என்ன செய்யலாம்?

தனிவழங்கி எழுதியது:

பழைய கணினி ஒன்றில் டெபியன் என்ற இயக்குதளமும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் வழங்கி மென்பொருளும் நிறுவி, சொந்த டொமைனுக்கான அஞ்சல் வழங்கியை வீட்டு இணைப்பிலேயே நடத்தி வருகிறேன். அண்மையில் இணையச் சேவை நிறுவனத்தை மாற்றினேன். அதன் பிறகு இங்கிருந்து புறப்படும் அஞ்சல் எதுவும் உரியவரைச் சென்றடைவதில்லை. வரிசையில் தேங்கி நிற்கும் ஒவ்வோர் அஞ்சலுக்கும் எதிரே, இணைப்புக்கான நேரம் கடந்துவிட்டது என்ற ஒரே குறிப்புத்தான் பதிவேட்டில் இருக்கிறது. ஜிமெயிலுக்கு எழுதினாலும், அவுட்லுக்குக்கு எழுதினாலும், நண்பர்கள் நடத்தும் சிறு வழங்கிகளுக்கு எழுதினாலும் அதே கதைதான். ஆனால் தண்டர்பேர்ட் செயலியில் ஜிமெயில் கணக்கின் வழியாக அனுப்பினால், இதே இணைப்பில் ஒரு தடையும் இல்லாமல் போய்விடுகிறது. உதவி மையத்தை அழைத்தால், தாங்கள் மின்னஞ்சலைக் கட்டுப்படுத்துவதே இல்லை என்று சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது, இதற்கு முறையான மாற்று வழி ஏதேனும் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வரிசைக்காவலர் எழுதியது:

உதவி மையத்தில் பேசியவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய கையேட்டில் மின்னஞ்சல் என்றால் உலாவியில் திறக்கும் அஞ்சல்பெட்டி, அவ்வளவுதான். அடைக்கப்பட்டிருப்பது போர்ட் 25, அதாவது கணினிகள் சேவைக்கொன்றாக வைத்திருக்கும் எண்ணிட்ட கதவுகளில் அஞ்சலுக்கான ஒன்று. அது ஒன்று மட்டும் அடைபட்டால் எல்லா அறிகுறிகளும் நீங்கள் சொன்னபடியே அமையும்.

அஞ்சலை அனுப்பப் பயன்படும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 821ஆம் ஆவணமாக எழுதியபோது, ஒருவர் தம் அஞ்சலை வழங்கியிடம் ஒப்படைப்பதற்கும், ஒரு வழங்கி இன்னொரு வழங்கியிடம் அதைக் கொண்டு சேர்ப்பதற்கும் ஒரே கதவுதான் இருந்தது. 1998 டிசம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 2476 இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தது. ஒப்படைப்புக்குப் போர்ட் 587 ஒதுக்கப்பட்டது. வழங்கிகளுக்கு இடையிலான போக்குவரத்துக்குப் போர்ட் 25 தொடர்ந்தது. ஒப்படைக்கும்போது நீங்கள் யார் என்பதைப் பயனர் பெயராலும் கடவுச்சொல்லாலும் மெய்ப்பிக்க வேண்டும். போர்ட் 25இல் அப்படி எதுவும் தேவையில்லை, ஏனென்றால் உலகின் எந்த மூலையில் இருக்கும் முன்பின் அறியாத வழங்கியும் வந்து, ‘உங்கள் பயனருக்கு ஓர் அஞ்சல் வைத்திருக்கிறேன்’ என்று சொல்லக்கூடியதாக இருந்தால்தான் மின்னஞ்சல் என்ற ஏற்பாடே இயங்கும். உங்கள் தண்டர்பேர்ட் 587 அல்லது ஒப்படைப்புக்கான மற்றொரு போர்ட்டான 465 வழியாக ஜிமெயிலிடம் ஒப்படைக்கிறது, ஆகவே போகிறது. உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் பெறுநரின் எம்எக்ஸ் வழங்கியை, அதாவது அவருடைய டொமைனுக்கு வரும் அஞ்சலை ஏற்கும் வழங்கியைத் தேடிச் சென்று 25ஐத் தட்டுகிறது, ஆகவே நிற்கிறது.

ஊகத்தை விட்டுவிட்டுச் சோதித்துப் பாருங்கள். அந்த இணைப்பிலிருந்து ஏதேனும் ஒரு பெரிய நிறுவனத்தின் எம்எக்ஸ் வழங்கிக்கு டெல்நெட் கட்டளை மூலம் போர்ட் 25ஐத் திறக்க முயலுங்கள். நெடுநேரம் மௌனமாக இருந்து நேரம் கடந்தால், பொட்டலங்கள் வழியில் ஓசையின்றி வீழ்த்தப்படுகின்றன என்று பொருள். உடனடியாக இணைப்பு மறுக்கப்பட்டால், யாரோ வழியில் மறுப்பை அனுப்புகிறார்கள். இணைப்புக் கிடைத்துவிட்டாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். 220 என்று தொடங்கும் வரவேற்பு வரியில் இருக்கும் வழங்கியின் பெயரைப் படியுங்கள். நீங்கள் அழைத்தது ஒருவரை, பெயர் சொல்வது உங்கள் சேவை நிறுவனத்தின் வழங்கி என்றால், போக்குவரத்தை அவர்கள் தங்கள் வழங்கிக்கே திருப்பிவிடுகிறார்கள். வரவேற்பு வரி முழுவதும் நட்சத்திரக் குறிகளாக வந்தால், பழைய வகை ஃபயர்வால் ஒன்று உரையாடலில் கைவைக்கிறது. அது, மறையாக்கத்துக்கு மாறலாம் என்று வழங்கி சொல்லும் ஸ்டார்ட்டிஎல்எஸ் அறிவிப்பையும் அழித்து, மறையாக்கம் இல்லாமலே அஞ்சல் போகும்படி செய்துவிடக்கூடும். பின்னிரண்டும் நேரடி அடைப்பைவிட மோசமானவை என்பது என் கருத்து, ஏனென்றால் அடைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, இவை தெரிவதில்லை.

கட்டற்றவலை எழுதியது:

விளக்கம் சரிதான், ஆனால் அடிப்படைக் கேள்வியை எளிதில் கடந்துவிட்டீர்கள். நான் பணம் கொடுத்து வாங்குவது இணைய இணைப்பு; எந்தப் போர்ட்டில் யாரோடு பேசலாம் என்பதை விற்றவர் முடிவு செய்வது எந்த நியாயத்தில் சேரும்? யாரோ சிலருடைய கணினிகளில் நச்சுநிரல் புகுந்துவிட்டது என்பதற்காக, ஒழுங்காக வழங்கி நடத்துகிறவர்கள் அனைவரையும் தண்டிப்பது சோம்பேறித்தனம். இதன் விளைவு என்ன? சொந்தமாக அஞ்சல் நடத்துவோர் அருகிப்போய், உலகத்தின் கடிதப் போக்குவரத்து விரல்விட்டு எண்ணக்கூடிய பெருநிறுவனங்களின் கையில் சேர்ந்துவிட்டது.

வரிசைக்காவலர் எழுதியது:

உங்கள் ஆதங்கத்தில் பாதியை நானும் பகிர்ந்துகொள்கிறேன். மறுபாதிக்கு வரலாறு தேவைப்படுகிறது.

தொண்ணூறுகளில் பெரும்பாலான அஞ்சல் வழங்கிகள் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிவைத்தன. அன்று அது பண்பாடாகக் கருதப்பட்டது. ஸ்பேம் அனுப்புவோர் அந்தத் திறந்த ரிலேக்களைத்தான் முதலில் பயன்படுத்தினார்கள். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பு, ரிலே செய்வதை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. மற்ற மென்பொருள்களும் அந்த வழிக்கு வந்தன. திறந்த ரிலேக்கள் குறையத் தொடங்கியதும், ஸ்பேம் வீட்டுக் கணினிகளுக்கு இடம்பெயர்ந்தது. 2003இல் பரவிய சோபிக், 2004 ஜனவரியில் வந்த மைடூம் ஆகிய புழுக்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சிறு எஸ்எம்டிபி பொறியைச் சுமந்து வந்தன. பாதிக்கப்பட்டவருடைய அஞ்சல் செயலியோ, அவருடைய நிறுவனத்தின் வழங்கியோ அவற்றுக்குத் தேவைப்படவில்லை. உலகின் எந்த எம்எக்ஸ் வழங்கியையும் நேரடியாகப் போர்ட் 25இல் தொட்டு அஞ்சலைத் திணித்தன. உரிமையாளருக்கோ கணினி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

இதைச் சேவை நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். வாடிக்கையாளரின் கணினியைச் சுத்தம் செய்யும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை, வசதியும் இல்லை. ஆனால் புகார்கள் அவர்களிடம்தான் வந்து குவிகின்றன. அவர்களுடைய ஐபி முகவரித் தொகுதிதான், ஸ்பேம் அனுப்புவதாகக் கருதப்படும் முகவரிகளின் தடைப்பட்டியலில் ஏறுகிறது. தொகுதி முழுவதும் கறைபட்டால், அவர்களுடைய சொந்த அஞ்சல் வழங்கியும் முறையாக நடக்கும் வணிக வாடிக்கையாளர்களும் சேர்ந்து அடிபடுவார்கள். வீட்டு வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட வேண்டுமென்றே போர்ட் 25ஐத் தொடப்போவதில்லை என்னும்போது, அதை மூடுவதால் எழும் எதிர்ப்பு மிகச் சிறியது, மட்டுப்படும் தொல்லை மிகப் பெரியது. 2005 மே மாதத்தில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பல நாட்டு அமைப்புகளோடு சேர்ந்து, உலகெங்கும் உள்ள சேவை நிறுவனங்களை இவ்வாறு செய்யும்படி வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. ஜப்பானிய நிறுவனங்களும் அதே ஆண்டில் இந்த அடைப்பைப் பரவலாகத் தொடங்கின. பின்னர் பிரேசில், நாட்டின் இணைய வழிகாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பில், முக்கியச் சேவை நிறுவனங்கள் அனைத்தையும் உடன்படச் செய்து இதை நிறைவேற்றியது.

இன்று கேரியர் கிரேடு நாட் என்ற ஏற்பாட்டில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால் இந்தக் காரணம் இன்னும் வலுத்திருக்கிறது. அவர்களில் ஒருவருடைய கைப்பேசியில் தீநிரல் புகுந்தால், எல்லாரும் ஒரே முகவரியில் நிற்கிறார்கள்.

கட்டற்றவலை எழுதியது:

தொல்லை குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பேம் ஒழிந்துவிட்டதா? இன்று திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு 587 வழியாகவே அனுப்புகிறார்கள்.

வரிசைக்காவலர் எழுதியது:

அனுப்புகிறார்கள், ஆனால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு இருந்தால் அதற்கு வேக வரம்பு வைக்கலாம், முடக்கலாம், உரிமையாளரை அழைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லலாம். போர்ட் 25இல் வரும் பெயரற்ற கணினியிடம் இவற்றுள் எதுவும் செல்லாது.

அதே சமயம், நிறுவனங்களுக்கும் எல்லை உண்டு என்பதை நானும் வலியுறுத்துவேன். 2007 நவம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 5068, நடப்பில் கடைப்பிடிக்க வேண்டிய சிறந்த நடைமுறை என்ற தகுதி பெற்ற ஆவணம். வெளி வலையமைப்புகளின் போர்ட் 587ஐப் பயனர் அணுகுவதைச் சேவை நிறுவனங்கள் தடுக்கவே கூடாது என்று அது கட்டளைச் சொல்லிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே 25ஐ மூடினால் அதைக் கொள்கையாக வாதிடலாம். 587ஐயும் மூடினால் அது வெறும் குறைபாடு, எழுத்தில் புகார் கொடுங்கள். 25 விஷயத்திலும் இயல்பு நிலையில் மூடி வைத்து, கேட்பவருக்குத் திறந்துவிடுவதே நேர்மையான முறை. அதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதவும் வேண்டும். உதவி மையமே அறியாதபடி மூடி வைப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

தனிவழங்கி எழுதியது:

சோதித்துப் பார்த்தேன். 25 மௌனம், 587, 465 இரண்டும் திறக்கின்றன. அப்படியானால் போஸ்ட்ஃபிக்ஸைப் பெறுநர்களின் வழங்கிகளோடு 587இல் பேசச் சொல்லிவிடலாமா?

வரிசைக்காவலர் எழுதியது:

முடியாது. மற்றவருடைய 587 அவருடைய பயனர்களுக்கானது. உங்களுக்கு அங்கே கணக்கு இல்லாததால், அடையாளம் காட்டும்படி 530 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். எம்எக்ஸ் பதிவில் முன்னுரிமை எண்ணும் வழங்கியின் பெயரும் மட்டுமே உண்டு, போர்ட் எண்ணுக்கு இடமே இல்லை. ஆகவே வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையே 25ஐத் தவிர வேறு கதவு கிடையாது. யாரோ ஒருவர் உங்கள் சார்பில் 25இல் பேச வேண்டும். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் முன் இருக்கும் வேலை.

எளிமையானது ஸ்மார்ட்ஹோஸ்ட் முறை. உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் எல்லா அஞ்சலையும் ஒரு ரிலே வழங்கியிடம் 587இல் கணக்கோடு ஒப்படைக்கும். அது உலகத்திடம் பேசும். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் ரிலேஹோஸ்ட் என்ற வரியில் ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு, அதன்பின் முக்காற்புள்ளியும் 587ம் எழுதுங்கள். சதுர அடைப்பு அலங்காரமல்ல. அது இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கான எம்எக்ஸ் பதிவைத் தேடிக்கொண்டு வேறு எங்கேனும் போய்விடும். அடுத்து, வெளிச்செல்லும் இணைப்புக்கான சாஸ்ல் அடையாளச் சரிபார்ப்பை இயக்கி, பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும் கோப்பைச் சுட்டிக்காட்டுங்கள். அந்தக் கோப்பை ரூட் பயனர் மட்டுமே படிக்கும்படி அனுமதியை மாற்றிவிட்டு, அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறக்க வேண்டாம். டிஎல்எஸ் எனப்படும் இணைப்பு மறையாக்கத்தின் பாதுகாப்பு நிலையைக் கட்டாயமாக்குங்கள். இல்லையென்றால் வழியில் யாரேனும் ஸ்டார்ட்டிஎல்எஸ் அறிவிப்பை அழித்தால் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமலே போய்விடும் வாய்ப்பு உண்டு. 2018 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8314, தொடக்கத்திலிருந்தே மறையாக்கத்தில் நடக்கும் போர்ட் 465ஐ ஒப்படைப்புக்குப் பரிந்துரைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் அதற்கான டிஎல்எஸ் ராப்பர் அமைப்பு உண்டு. ரிலே இரண்டையும் ஏற்குமானால் 465ஐயே நான் தேர்ந்தெடுப்பேன்.

ரிலே யாராக இருக்கலாம்? சில சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கென ஒன்று வைத்திருக்கின்றன, ஆனால் பல, அவர்களுடைய டொமைன் அல்லாத அனுப்புநர் முகவரியை ஏற்பதில்லை. ஜிமெயிலைப் பயன்படுத்தலாம், அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிச் செயலிக் கடவுச்சொல் பெற வேண்டும், தனிநபர் கணக்கில் நாளொன்றுக்கு 500 அஞ்சல் என்ற வரம்பு இருக்கிறது, உங்கள் டொமைன் முகவரியை அந்தக் கணக்கில் மாற்று முகவரியாகப் பதிவு செய்யாவிட்டால் அனுப்புநர் வரியை ஜிமெயில் தன் முகவரியாக மாற்றிவிடும். சொந்த டொமைனில் தொடர்ந்து நடத்த விரும்புகிறவருக்கு அமேசான் எஸ்இஎஸ், மெயில்கன், சென்ட்கிரிட் போன்ற ரிலே சேவைகளே பொருத்தம். மெயில்கனும் சென்ட்கிரிடும் 587உம் அடைபட்ட இடங்களுக்காக 2525லும் காது கொடுக்கின்றன. எஸ்இஎஸ் 2587, 2465 ஆகியவற்றை வைத்திருக்கிறது.

மேகவாசி எழுதியது:

ரிலே என்றால் உங்கள் அஞ்சலை மூன்றாமவர் பார்க்க முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை விரும்பாதவர் நிலையான ஐபி கொண்ட ஒரு சிறு மெய்நிகர் வழங்கியை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற மென்பொருளால் மறையாக்கிய சுரங்கம் அமைத்து, அஞ்சலை அதன் வழியாக வெளியே விடலாம். அப்போது உலகத்துக்குத் தெரிவது அந்த வழங்கியின் முகவரி.

ஆனால் வாடகைக்கு எடுக்கும் முன் விதிமுறைகளைப் படியுங்கள், ஏனென்றால் கிளவுட் நிறுவனங்களும் இதே பாதையில் வந்துவிட்டன. அமேசானின் இசி2இல் போர்ட் 25 இயல்பாகவே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, விண்ணப்பித்து நீக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் 2017 நவம்பர் முதல் புதிய சந்தாக்களில் பலவற்றுக்கு அதை அடைத்துவிட்டது. டிஜிட்டல்ஓஷன் 25ஓடு 465, 587 ஆகியவற்றையும் சேர்த்து அடைக்கிறது. வேறு சில நிறுவனங்கள் கோரிக்கை வைத்தால் திறந்துவிடுகின்றன. பொதுவான விபிஎன் சேவை எதையேனும் வாங்கி இதைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அவர்களில் பலரும் 25ஐ அடைக்கிறார்கள், அடைக்காதவர்களின் முகவரிகள் ஏற்கெனவே தடைப்பட்டியல்களில் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

வரிசைக்காவலர் எழுதியது:

மேகவாசி சொன்னதோடு ஒன்று. நாளையே உங்கள் நிறுவனம் 25ஐத் திறந்துவிட்டாலும், வீட்டு முகவரியிலிருந்து போகும் அஞ்சலைப் பலர் ஏற்கமாட்டார்கள். ஸ்பாம்ஹாஸ் நடத்தும் பிபிஎல் என்ற பட்டியல், நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரித் தொகுதிகளின் பட்டியல். பல சேவை நிறுவனங்கள் தங்கள் வீட்டுத் தொகுதிகளைத் தாங்களே அதில் சேர்த்துவிடுகின்றன. அதில் இருப்பதற்கு நீங்கள் எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தரும் பிடிஆர் பதிவும், அந்தப் பெயரிலிருந்து அதே முகவரிக்குத் திரும்பும் பதிவும் பொருந்த வேண்டும்; 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அனுப்புவோர் அனைவரிடமும் இதையும், எஸ்பிஎஃப் (டொமைனின் சார்பில் அனுப்பலாம் என்ற வழங்கிகளின் பட்டியல்) அல்லது டிகிம் (டொமைனின் மின் கையொப்பம்) ஒன்றையும் எதிர்பார்க்கிறது.

நகல்மேசை எழுதியது:

எங்கள் சிறு அலுவலகத்தில் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்களை அஞ்சலில் அனுப்பும் பழைய நகல் இயந்திரம் ஒன்று உள்ளது. அதில் போர்ட் எண்ணை மாற்றலாம், ஆனால் கடவுச்சொல் கேட்கும் இடமே இல்லை.

வரிசைக்காவலர் எழுதியது:

இயந்திரத்தைத் திருத்த முயல வேண்டாம். அலுவலக வலையமைப்புக்குள்ளேயே எப்போதும் இயங்கும் கணினி ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி, மேலே சொன்னபடி ரிலேக்கு ஒப்படைக்கச் செய்யுங்கள். நகல் இயந்திரம் அந்தக் கணினியிடம் கடவுச்சொல் இல்லாமல் 25இல் கொடுக்கட்டும். உள்வலையமைப்பின் 25ஐச் சேவை நிறுவனம் பார்ப்பதே இல்லை. கடவுச்சொல் இடம் இருக்கும் இயந்திரங்களிலும், டிஎல்எஸ் 1.0ஐத் தாண்டத் தெரியாதவற்றை இன்றைய ரிலேக்களில் பல மறுத்துவிடும் என்பதால், அவற்றுக்கும் இதே வழிதான். கடவுச்சொல் இல்லாமல் அஞ்சல் கொடுக்கலாம் என்ற முகவரிகளைக் குறிக்கும் மைநெட்வொர்க்ஸ் வரியில் அந்த இயந்திரத்தின் முகவரியை மட்டும் எழுதுங்கள். முழு வலையமைப்பையும் எழுதினால், உள்ளே ஒரு கணினி நோயுற்றாலும் உங்கள் ரிலே கணக்கின் பெயரில் ஸ்பேம் போகத் தொடங்கும்.

தனிவழங்கி எழுதியது:

ரிலே சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி 465 வழியாக அமைத்துவிட்டேன், அஞ்சல்கள் போகின்றன. இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. சிலருக்கு ஸ்பேம் கோப்புறையில் விழுகிறது. மேலும், நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது: நிலையான ஐபியோடு கூடிய வணிகத் திட்டத்துக்கு மாறினால் 25ஐத் திறந்துவிடுவார்களாம். மாறுவது பயனுள்ளதா?

வரிசைக்காவலர் எழுதியது:

முதல் ஐயத்துக்கு: டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்பிஎஃப் பதிவு இன்னும் பழைய வீட்டு முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். ரிலேயை அதில் சேருங்கள், ஆனால் இரண்டாவது பதிவாக அல்ல. ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இருந்தால் சோதனையே பிழையில் முடியும். பல ரிலே சேவைகள் உறைமேல் அனுப்புநரை (வழங்கிகள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி) தங்கள் டொமைனாக மாற்றிக்கொள்வதால், எஸ்பிஎஃப் தேறினாலும் அனுப்புநர் வரியின் டொமைனோடு இவை பொருந்துகின்றனவா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் உங்கள் டொமைனோடு அது பொருந்தாது. ஆகவே உங்கள் டொமைனின் பெயரிலேயே டிகிம் கையொப்பம் இடச் செய்யுங்கள். டிமார்க் தேற அது ஒன்றே போதும். பழைய வரிசையில் தேங்கியவற்றை இப்போதே போஸ்ட்கியூ கட்டளையால் தள்ளிவிடுங்கள், ஏனென்றால் இயல்பான அமைப்பில் 5 நாள் கடந்த அஞ்சலைப் போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

இரண்டாவதற்கு: பணம் கட்டும் முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த முகவரிக்கு நீங்கள் சொல்லும் பெயரில் பிடிஆர் பதிவு அமைத்துத் தருவார்களா, அந்தத் தொகுதியை பிபிஎல்லில் தாங்களே சேர்த்திருக்கிறார்களா என்ற இரண்டும் முக்கியம். பிடிஆர் தர மறுத்தால், திறந்த 25 உங்களுக்கு எதற்கும் உதவாது, ரிலேயிலேயே இருந்துவிடுங்கள்.